குமமோட்டோவின் இரண்டாம் இரவும் செட்டிநாட்டு வீட்டில் கட்டில் போட வேண்டிய இடமும்

நூறாண்டு கடந்த செட்டிநாட்டு வீடு நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. ஆனால் அதற்கு முன்னுரையாக நீங்கள் எழுதியிருக்கும் பத்திகளை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் வாக்குவாதம் வேறு என்று தெரிகிறது. 2016 ஏப்ரலில் நீங்கள், உங்கள் மனைவி, நான்கு வயது மகள், துணைக்கு வந்திருந்த உங்கள் ஆத்தா ஆகிய நால்வரும் ஜப்பானின் குமமோட்டோ நகரத்தில் ஒரு வாடகைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்திருக்கிறீர்கள். 14ஆம் தேதி இரவு நடுக்கம் வந்ததும் எல்லோரும் இறங்கி ஓடி, வண்டி நிறுத்துமிடத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறீர்கள். மறுநாள் சுவரில் விரிசல் எதுவும் காணாததால் வீட்டுக்குத் திரும்பிப் படுத்திருக்கிறீர்கள். அன்று நள்ளிரவுக்குப் பின் அதைவிடப் பெரிய நடுக்கம் வந்து, புத்தக அலமாரி சாய்ந்து ஆத்தா படுத்திருந்த அறையின் கதவை உள்ளிருந்து அடைத்துவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. இப்போது ஊர் திரும்பி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உங்கள் ஐயா, அதாவது தாத்தா, கட்டிய வீட்டைச் சீர்செய்து குடியேற நினைக்கிறீர்கள். உங்கள் மனைவியோ உள்ளறையில் படுக்க முடியாது, நடுமுற்றப் பகுதியான வளவில்தான் படுப்பேன் என்கிறார், உறவினர்கள் சிரிக்கிறார்கள். ஆக, அன்று வீட்டுக்குத் திரும்பியது தவறா, இந்த வீடு எப்படிப்பட்டது, இரவில் எங்கே படுப்பது என்று மூன்று கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. மூன்றாவதற்குச் சரியான விடை கிடைத்தால் வாக்குவாதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

நான் கட்டட அமைப்புப் பொறியியல் படித்து, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்தில் தனியாகப் பயிற்சி பெற்றவன். பல ஆண்டுகளாகக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே இவ்வகை வீடுகளுக்குப் பொதுவானதைத்தான் இங்கே சொல்ல முடியும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை நேரில் ஏறி இறங்கிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் அந்த இரண்டாம் இரவு. 14ஆம் தேதி இரவு 9.26க்கு வந்த நடுக்கத்தின் அளவு, ஜப்பான் வானிலை முகமையின் கணக்கில், 6.5. 16ஆம் தேதி அதிகாலை 1.25க்கு வந்தது 7.3. எண்ணில் பார்த்தால் வேறுபாடு ஒன்றைக்கூடத் தொடவில்லை; வெளிப்பட்ட ஆற்றலில் பார்த்தால் இரண்டாவது முதலாவதைப்போல் ஏறத்தாழ பதினாறு மடங்கு. நகரத்துக்குக் கிழக்கே உள்ள மஷிகி என்ற சிற்றூர், தரையின் அசைவை அளக்கும் ஜப்பானிய அளவையின் உச்சப் படியான 7ஐ இருபத்தெட்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறை கண்டது. ஒரே ஊரில் அப்படி நடந்தது அந்நாட்டின் பதிவுகளில் அதுவே முதல் முறை. முதல் இரவில் உயிரிழந்தவர்கள் 9 பேர். இரண்டும் சேர்ந்து நேரடியாகப் பலியானவர்கள் 50 பேர். முதல் நடுக்கத்தைத் தாங்கி நின்ற வீடுகளுக்குத் திரும்பி, இரண்டாவதில் அவை இடிந்து விழுந்து மாண்டவர்களும் அவர்களுள் உண்டு. இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. பெரிய நடுக்கத்துக்குப் பின் வருபவை சிறியனவாகவே இருக்கும் என்பதுதான் அன்று அதிகாரிகளும் அறிவியலாளர்களும் பொதுவாகக் கொண்டிருந்த எதிர்பார்ப்பு. பெரும்பாலான வேளைகளில் அது சரியும்கூட. கலிபோர்னியாவில் தொகுத்த கணக்குகளின்படி, ஒரு நடுக்கத்தை அடுத்த சில நாட்களில் அதைவிடப் பெரியது தொடர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றாக உங்கள் இரவு அமைந்துவிட்டது. எது முன்னோடி, எது முதன்மை நடுக்கம் என்பதை அடுத்தது வந்து முடிந்த பிறகே சொல்ல முடியும். அதை முன்கூட்டியே பிரித்தறியும் நம்பகமான வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. குமமோட்டோவுக்குப் பிறகுதான் ஜப்பான் தன் அறிவிப்பு முறையை மாற்றியது. இப்போதெல்லாம் ஒரு வலுவான நடுக்கம் வந்தால், அதே அளவில் மீண்டும் வரக்கூடும், ஒரு வாரத்துக்கு எச்சரிக்கையாக இருங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். ஆகவே, இருந்த தகவலை வைத்து நீங்கள் எடுத்த முடிவைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன்.

சுவரில் விரிசல் இல்லை என்பதைப் பார்த்துத் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். உட்பூச்சையும் ஒட்டுப்பலகையையும் பார்த்து ஒரு கட்டடத்தின் நிலையைக் கணிக்க முடியாது. மரச்சட்டங்களின் இணைப்புகளும் கம்பிகளும் பூச்சுக்கு உள்ளே இருக்கின்றன. உங்கள் குடியிருப்பு நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அது கட்டப்பட்ட ஆண்டாகத்தான் இருக்கும். ஜப்பான் தன் கட்டட விதிகளை 1981இல் கடுமையாக்கியது; மர வீடுகளுக்கான விதிகளை 2000இல் மீண்டும் இறுக்கியது. நடுக்கத்துக்குப் பின் மஷிகியின் மையப் பகுதியில் மர வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது, 1981க்கு முந்தையவற்றில் நூற்றுக்கு 28 வீடுகள் இடிந்தோ குலைந்தோ போயிருந்தன. 1981க்கும் 2000க்கும் இடைப்பட்டவற்றில் நூற்றுக்கு 9. அதற்குப் பிந்தையவற்றில் நூற்றுக்கு 2. ஒரே தெரு, ஒரே மண், ஒரே நடுக்கம். வீடு வீட்டுக்கு மாறியது இணைப்புகளும் குறுக்குச் சட்டங்களும்தாம். உங்கள் குடும்பத்தை அன்று ஆபத்துக்கு மிக அருகில் கொண்டுபோனது கட்டடம் அன்று, அலமாரி. அது ஆத்தாவின் மேல் விழாமல் கதவின் மேல் விழுந்தது. உங்கள் மனைவி மறக்காமல் வைத்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்த நினைவில் ஒரு பொறியாளர் திருத்த வேண்டிய பிழை எதுவும் இல்லை.

இனி நம் ஊர். சிவகங்கை மாவட்டம், இந்தியத் தர நிர்ணயக் குறியீடான ஐ.எஸ். 1893இன் 2002, 2016 பதிப்புகளின் வரைபடங்களில், அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. அவற்றில் இன்று இடிந்து கிடப்பவை கூரை ஒழுகியும், கரையான் அரித்தும், பங்காளிகளுக்குள் உடன்பாடு இல்லாமலும் இடிந்தவை. நிலம் அசைந்து இடிந்தவை அல்ல. தமிழ்நாட்டை நிலநடுக்கமே தீண்டாது என்று இதற்குப் பொருளில்லை. 1900 பிப்ரவரி 8 அதிகாலை மூன்று மணியளவில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் வந்து, தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டரை மணிக்குச் சற்று முன், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று வந்தது. இரண்டுமே இருட்டிய பிறகு வந்தவை. அதில் மர்மம் எதுவும் இல்லை. நிலநடுக்கத்துக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இரவில் வருவது மட்டும் கூடுதலாக உயிர் குடிப்பதற்குக் காரணம், அந்நேரத்தில் எல்லோரும் கூரைக்கு அடியில் படுத்திருப்பதுதான்.

இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பூகம்பம் முற்றிலும் புதிய செய்தியும் அன்று. நம் வீடுகளின் தேக்குத் தூண்கள் வந்த பர்மாவில், 1930 மே 5 இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின் பெகு நகரத்தை அழித்த நடுக்கம் வந்தது. ஏறத்தாழ 500 பேர் அந்நகரத்தில் மட்டும் இறந்தார்கள். அங்கிருந்த பெரும் பகோடா இடிந்து விழுந்தது. ரங்கூனிலும் சாவுகள் நேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வடக்கே பியூ பக்கம் இன்னொன்று, அதுவும் நள்ளிரவுக்குப் பின். கீழ்ப் பர்மாவின் ஊர்களில், செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கிட்டங்கிகள் (வணிக விடுதிகள்) பரவியிருந்த காலம் அது. 2025 மார்ச் 28 அன்று மண்டலேயைத் தாக்கிய 7.7 அளவு நடுக்கம் எழுந்ததும் அதே சகைங் நிலப்பிளவில்தான். தேக்கு அங்கிருந்து வந்தது. அந்தப் பிளவு அங்கேயே இருக்கிறது. நமக்கு நேர் கீழே அத்தகைய, இரண்டு நிலத்தட்டுகள் உரசிக்கொள்ளும் பெரும் பிளவு கிடையாது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை.

ஆனால் ‘மண்டலம் குறைந்தது, ஆகவே கவலை வேண்டாம்’ என்று முடித்துவிட என்னால் முடியாது. கில்லாரி என்ற ஊர் நடுவில் நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56க்கு வந்த நடுக்கத்தின் அளவு 6.2தான். முந்தைய நாள் விநாயகரைக் கரைத்துவிட்டு ஊரே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. இறந்தவர்கள் பத்தாயிரத்தை நெருங்கினார்கள். அந்தப் பகுதி அப்போதைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2002இல் அந்த மண்டலத்தையே நீக்கி இரண்டாவதோடு சேர்த்துவிட்டார்கள். நாம் இருப்பது அந்த இரண்டாவதில்தான். வரைபடம் என்பது இதுவரை தெரிந்ததின் தொகுப்பு. தெரியாத ஒரு பிளவு பல நூற்றாண்டுகள் உறங்கிவிட்டு விழிக்கலாம் என்பதைக் கில்லாரி காட்டியது. நம் பகுதியில் அப்படி நடக்குமா என்று கேட்டால், நடக்க வாய்ப்பு மிகக் குறைவு, இல்லவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே நேர்மையான விடை.

கில்லாரியில் கொன்றது சுவர். அங்கே வீட்டுச் சுவர்கள் இரண்டடிக்கு மேல் பருமனானவை, உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கியவை. வெளிமுகம் தனி, உள்முகம் தனி, நடுவில் சல்லியும் மண்ணும்; இரண்டு முகங்களையும் குறுக்கே பிடித்துக்கொள்ளும் நீளக் கல் கிடையாது. கூரையில் வெயிலுக்காகப் போட்ட மண் ஒரு முழத்துக்கு மேல். குலுங்கியதும் இரண்டு முகங்களும் பிரிந்து, உள்பக்கச் சுவர் தூங்குபவர்மேல் சரிந்தது. பல இடங்களில் மரச்சட்டம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. சுவர் பருமன் என்றால் பலம் என்று நாம் நினைப்பது எடையைத் தாங்குவதற்குப் பொருந்தும். பக்கவாட்டில் ஆட்டும்போது, பிணைப்பில்லாத பருமன் வெறும் பாரம்.

செட்டிநாட்டுச் சுவர் அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பது உங்களுக்கு ஆறுதலான செய்தி. பெரும்பாலும் செங்கல், சில இடங்களில் செம்புறாங்கல். சாந்து மண் அல்ல, நன்றாகப் புளிக்கவைத்து அரைத்த சுண்ணாம்பு. சுண்ணாம்புக் காரை சிமெண்ட் அளவுக்கு இறுகாது. சிறிய அசைவுகளுக்கு இடம் கொடுத்து, மயிரிழை விரிசல்களோடு நிற்கும். அறைகள் சிறியவை, குறுக்குச் சுவர்கள் அடுத்தடுத்து வருகின்றன. நீண்ட சுவர் எங்கும் துணையில்லாமல் ஓடுவதில்லை. தரைத்தளம் ஓங்கிய மேடைமேல் இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் பாரத்தைத் தேக்குத் தூண்கள் தாங்குகின்றன. மரம் வளையும், ஒடிவதற்குமுன் எச்சரிக்கும். உங்கள் வீடு ஊருணியையோ கண்மாய்க் கரையையோ தூர்த்த மனையில் இல்லாமல், வழக்கமான செம்புறை நிலத்தில் இருந்தால் அதுவும் நல்லது. தளர்ந்த மண் நடுக்கத்தைப் பெருக்கிக் காட்டும், இறுகிய நிலம் அப்படிச் செய்யாது.

குறைகள் எங்கே என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் குறை, சுவர்களின் தலையை ஒன்றோடொன்று கட்டிப்போடும் தொடர்ச்சியான பட்டை எதுவும் இவ்வீடுகளில் கிடையாது. இன்று ஒரு சாதாரண வீட்டில்கூட கதவு, சன்னல்களுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் நான்கு சுவர்களையும் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓடும். அட்டைப் பெட்டியைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவது போன்றது அது. நம் வீடுகளில் அந்த வேலையைத் தாமே செய்பவை உத்திரங்களும் கைமரங்களும்தாம், அவற்றின் முனைகள் சுவருக்குள் உறுதியாக இருக்கும்வரை. இங்கேதான் சிக்கல். வெளியே தெரியும் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று இருக்கும். ஏணி போட்டு ஏறி, அது சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினால், சில வீடுகளில் எதிர்ப்பே இல்லாமல் பிடிவரை உள்ளே போய்விடும். வெளியே எடுத்தால் முனையில் ஈரமான மரத்தூள் ஒட்டியிருக்கும். மேலே ஏதோ ஓர் ஓடு உடைந்து, மழைநீர் சுவர்த்தலையில் இறங்கி, பல ஆண்டுகளாக அந்த முனையை ஊறவைத்திருக்கும். பர்மாத் தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் ஓயாத ஈரத்துக்கு அதுவும் பணிந்துவிடும், பிற்காலத்தில் இடையில் செருகிய நாட்டுமரம் சொல்லவே வேண்டாம். அப்படி முனை போன உத்திரம், அமைதியான நாளில் பக்கத்து உத்திரங்களின் துணையோடு தொங்கிக்கொண்டிருக்கும். நடுக்கத்தில் சுவரைப் பிடித்து நிறுத்தும் வேலையை அதனால் செய்ய முடியாது.

இரண்டாவது குறை முகப்பில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்ப்பவர் வியக்கும் அந்தக் கைப்பிடிச் சுவரும், அதன்மேல் நிற்கும் கஜலட்சுமியும், துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்களும், பொறியாளர் கண்ணுக்கு எதனாலும் பிணைக்கப்படாத பாரங்கள். கட்டடத்தின் உச்சியில் ஆட்டம் மிகுதி. அங்கே தனியாக நிற்கும் சுவர்தான் முதலில் விழும். அது விழுவது நேராக நிலைக்கதவுக்கு முன்னால், அதாவது பதறி ஓடுகிறவர்கள் வந்து நிற்கும் திண்ணைப் படியில். உலகெங்கும் பழைய செங்கல் கட்டடங்கள் உள்ள ஊர்களில் நிலநடுக்கச் சாவுகளில் ஒரு பகுதி இப்படி வாசலில் நேர்வதுதான். அடுத்தது, ஓட்டுக் கூரையின் இரு முனைகளிலும் முக்கோணமாக எழும் சுவர்கள். கூரை மரங்களோடு அவற்றுக்குப் பிடிப்பு குறைவு. அதற்கடுத்தது வீட்டுக்குள் தொங்குபவை. பட்டாலை என்னும் கூடத்தில் சுவரிலிருந்து சாய்வாகத் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி, கண்ணாடிச் சட்டமிட்ட முன்னோர் படங்கள், தஞ்சாவூர் ஓவியங்கள், சரவிளக்கு, இரும்புப் பீரோ. இவை துருப்பிடித்த ஆணியிலும் பழைய கயிற்றிலும் தொங்குகின்றன. இவற்றுக்கு நேர் கீழேதான் வழக்கமாகப் பாய் விரிக்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் மனைவியின் விருப்பத்தைப் பார்ப்போம். உள்ளறையில் படுக்க மாட்டேன் என்பதில் நியாயம் இருக்கிறது. இரட்டை வீடு என்று நாம் சொல்லும் அந்த அறைகள் பெரும்பாலும் ஒரே ஒரு கதவு உள்ளவை, வெளிச்சம் குறைவு, பீரோவும் பெட்டிகளும் அங்கேதான் அடுக்கியிருக்கும். கதவுக்கு முன்னால் ஒன்று சாய்ந்தால் குமமோட்டோ அறைதான். வளவின் தாழ்வாரம் அதைவிட மேல், ஏனென்றால் அங்கே தலைக்குமேல் இருப்பது மரமும் ஓடும். எழுந்தால் நாலாபுறமும் வழி. ஆனால் தாழ்வாரத்தின் எந்தப் பக்கம் என்பது முக்கியம். பின்னால் இரண்டு மாடிச் சுவர் எழும் பக்கத்தில் படுப்பது, அறையிலிருந்து தப்பிச் சுவருக்கடியில் சிக்குவதாகும். என்னைக் கேட்டால், மாடி இல்லாத இரண்டாம் கட்டுப் பகுதியில் (முதல் முற்றத்துக்குப் பின்னால் உள்ள பகுதி), கொல்லைப் பக்கம் கதவு உள்ள ஒரு கூடத்தைப் படுக்கைக்குத் தேர்ந்தெடுப்பேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் படம், கண்ணாடி எதுவும் வேண்டாம். பீரோ எங்கே நின்றாலும் அதன் உயரத்தை அளந்து, அது முகங்குப்புற விழுந்தால் கட்டிலையும் கதவையும் தொடாத தூரத்தில் வையுங்கள். முடியாவிட்டால் மேல்முனையை இரும்புக் கொக்கியால் சுவரோடு பிணையுங்கள்.

நடுக்கம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாத பகுதி ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உறுதியாகக் கட்டிய கட்டடத்தில் இருந்தால் ஓடாதீர்கள். மேசைக்கடியில் ஒண்டுங்கள், படுக்கையில் இருந்தால் குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள், அசைவு நின்ற பிறகு வெளியேறுங்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆடும் தரையில் ஓடி விழுந்தும், உடைந்த கண்ணாடியை மிதித்தும் அடிபடுபவர்கள்தாம் மிகுதி. மண் சாந்துக் கல்வீடுபோல் எந்நேரமும் சரியக்கூடிய கட்டடத்தின் தரைத்தளத்தில், திறந்த வெளிக்குச் சில அடி தூரத்தில் இருப்பவர் ஓடிவிடுவதே நல்லது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதற்கும் சான்றுகள் உண்டு. நல்ல நிலையில் உள்ள சுண்ணாம்புக் காரை வீடு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. என் தீர்ப்பு இது: இங்கே எதிர்பார்க்கக்கூடிய மிதமான நடுக்கத்துக்கு, படுத்த இடத்திலேயே தலையைக் காத்துக்கொள்வது போதும், மாடியில் இருப்பவர் படியில் இறங்கவே கூடாது. அசைவு நின்றபின் முகப்பு வழியாகப் போகாமல் கொல்லை வழியாகப் போங்கள். வளவின் நடு முற்றம் பாதுகாப்பான வெளிபோல் தோன்றும். சுற்றியுள்ள சுவரின் உயரத்துக்கு ஈடான தூரம் விலகி நிற்க அங்கே இடம் கிடைத்தால் சரிதான். பெரும்பாலான முற்றங்களில் கிடைக்காது, ஓட்டின் விளிம்புகள் நாலாபுறமும் அதற்குள்தான் உதிரும்.

இன்னொரு செய்தி, நம் வீடுகளுக்கே உரியது. இரவில் நாம் வீட்டைப் பூட்டுகிற விதம். நிலைக்கதவுக்கு முழநீளச் சாவி, இடைக்கட்டுக்குத் தாழ்ப்பாள், கொல்லைக் கதவுக்கு இரும்புப் பட்டையும் பூட்டும், முற்றத்துக்கு மேலே திருடனுக்கும் குரங்குக்குமாகக் கம்பி வலை. மின்சாரம் போன இருட்டில் இத்தனையையும் திறக்க வேண்டியிருந்தால், எங்கே படுத்தாலும் ஒன்றுதான். படுக்கைக்கும் வெளிக்கும் நடுவில் ஒரே ஒரு பூட்டுதான் இருக்க வேண்டும். அதன் சாவி ஆளுயரத்துக்கும் தாழ்வாக, உங்கள் மகளுக்கும் ஆத்தாவுக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்க வேண்டும். டார்ச் விளக்கும் ஆளுக்கொரு ஜோடிச் செருப்பும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிற்காலில் கட்டிவையுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று ஆத்தா கேட்கத்தான் செய்வார். குமமோட்டோவில் தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு கிடந்ததை அவரே பார்த்திருப்பதால் எளிதில் உடன்படுவார் என்று நம்புகிறேன். சமையல் வாயு உருளையை இரவில் மூடிவிடும் பழக்கம் இருந்தால் அதுவும் இதோடு சேரும்.

சீரமைப்பு வேலையில், தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். ‘பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் பலம்’ என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிணைப்பில்லாத சுண்ணாம்புச் சுவரின் தலையில் கான்கிரீட் தளத்தின் எடையை ஏற்றினால், நடுக்கத்தின்போது அந்தச் சுவர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை அந்த அளவுக்குக் கூடுகிறது. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவதும் அவ்வாறே. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்திர முனைகளைத்தான் தேடிப் போகும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதானால் முகப்புப் பக்கம் வேண்டாம். செய்ய வேண்டியவற்றுள் முதலாவது கூரை ஒழுகலை நிறுத்துவது. இரண்டாவது ஒவ்வோர் உத்திரத்தின் இரு முனைகளையும் சோதித்து, பழுதானவற்றுக்கு நல்ல மரத்தில் ஒட்டுப் போடுவது. மூன்றாவது உத்திரங்களையும் கைமரங்களையும் சுவர்த்தலையோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது, எதிரெதிர்ச் சுவர்களைத் தேவையான இடங்களில் இழுகம்பியால் கட்டுவது. முகப்புக் கைப்பிடிச் சுவருக்கும் சுதை உருவங்களுக்கும் பின்புறத்தில், தெருவிலிருந்து தெரியாதபடி, துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகள் கொடுக்கலாம். பழைய கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு எதிராக வலுப்படுத்துவதற்கென்றே ஐ.எஸ். 13935 என்ற இந்தியக் குறியீடு இருக்கிறது. நீங்கள் அமர்த்தும் பொறியாளர் அதைக் கையாண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் ஒரு நல்ல மர ஆசாரியையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் உடன் அழைத்து வருகிறாரா என்பதையும் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் விடை அரிதாகக் கிடைக்கிறது.

பங்காளிகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கூரை பொது, சுவர் பொது, அறை மட்டும் அவரவருக்கு என்றிருக்கும் வீட்டில், உங்கள் பங்கை மட்டும் வலுப்படுத்துவது பாதி வேலைதான். பூட்டிக் கிடக்கும் பக்கத்துப் பங்கின் ஒழுகல் உங்கள் சுவர்த்தலையில்தான் இறங்கும். நிலநடுக்கம் என்று சொன்னால் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் சிரிக்கலாம். ஐப்பசி மழை என்று சொல்லுங்கள், கையெழுத்து கிடைக்கும். மேலே சொன்ன முதல் இரண்டு வேலைகளும் இரண்டுக்கும் பொது.

கடைசியாக, படுத்தால் கட்டில் ஆடுவதுபோல் இன்றும் சில இரவுகளில் உங்கள் மனைவிக்குத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்லன். நிலநடுக்கத்தை அனுபவித்தவர்களிடம் இது பரவலாகக் காணப்படுவது என்பதும், ஜப்பானிய மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உணர்வும் மனப் பதற்றமும் சேர்ந்து இதை உண்டாக்குவதாக அவர்கள் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் மனநல மருத்துவரையும், தேவைப்பட்டால் காது மருத்துவரையும் பார்ப்பது நல்லது. அதுவரை ஓர் எளிய உத்தி உதவலாம்: கட்டிலிலிருந்து தெரியும் இடத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றி, சிறிய இரவு விளக்கின் பக்கத்தில் வையுங்கள். ஆடுவதுபோல் தோன்றும்போது அவர் தண்ணீரைப் பார்க்கட்டும். தண்ணீர் அசையாவிட்டால் திரும்பிப் படுக்கலாம். அசைந்தால் தலையணையைத் தலைக்குமேல் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டுமானால், உத்திர முனைகள் சுவருக்குள் நுழையும் இடங்களையும், முகப்புக் கைப்பிடிச் சுவரின் பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். முன்பக்கத்துப் படங்களால் எனக்குப் பயனில்லை.